பதினேழு வருஷ ஒத்திகை

ஒரு சைக்கிள் சறுக்கியது. கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

1995 ஜூன் மாதம். கலிஃபோர்னியாவின் மலைப்பாதை ஒன்றில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார் ஜான் ஸ்க்வயர் என்கிற ஆங்கிலேயர். விழுந்தார். கழுத்துக்குக் கீழே இருக்கிற காறை எலும்பு முறிந்துபோனது. நீங்களோ நானோ விழுந்தால் என்ன ஆகும்? கையைத் தூக்குக்கட்டில் தொங்கவிட்டுக்கொண்டு ஆபீஸுக்கு லீவ் லெட்டர் அனுப்புவோம். வீட்டில் நாலு திட்டு விழும். அவ்வளவுதான்.

ஸ்க்வயர் விழுந்ததில் ஒரு தேசத்து இசை ரசிகர்களுக்கே வலித்தது. காரணம், அவர் 'ஸ்டோன் ரோஸஸ்' என்ற மான்செஸ்டர் ராக் குழுவின் கிடாரிஸ்ட். அந்தக் குழு அந்த மாதம் 24-ம் தேதி, சனிக்கிழமை இரவு, கிளாஸ்டன்பரி திருவிழாவின் பிரதான மேடையில் கடைசி ஆளாக ஏறுவதாக ஏற்பாடு. டிக்கெட் எல்லாம் விற்றாகிவிட்டது. இப்போது கிடாரிஸ்டால் கிடாரைத் தூக்கவே முடியாது.

திருவிழாவுக்குச் சில நாட்களே பாக்கி. வேறு ஆள் பிடித்தாக வேண்டும். யாரைப் பிடிப்பது?

பிடித்தார்கள். 'பல்ப்' என்ற ஒரு குழுவை. "யாரு?" என்று நீங்கள் கேட்கலாம். தப்பே இல்லை. அதற்கு ஒரு மாதம் முன்புவரை இங்கிலாந்திலேயே பாதிப் பேர் அப்படித்தான் கேட்டிருப்பார்கள்.

ஒரு சின்னக் குழு, 'இண்டி' என்று செல்லமாகவும் கொஞ்சம் இளக்காரமாகவும் கூப்பிடப்படுகிற ஒரு ராக் குழு, பெரிய திருவிழாவின் உச்ச மேடையைத் தாங்குமா? இந்தக் கேள்வி இன்றைக்கும் ஒவ்வொரு வருடமும் கேட்கப்படுகிறது. அதற்குப் பதில் தேட அந்த ஜூன் 24-க்குத்தான் போகவேண்டும்.

அதற்கு முன், உச்ச மேடை என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம்.

மேற்கத்திய ராக் திருவிழாக்களில் காலையிலிருந்து குழுக்கள் மாறி மாறி வாசித்துக்கொண்டே இருக்கும். மத்தியான வெயிலில் வாசிப்பவர்களைப் பாதிப் பேர் படுத்துக்கொண்டுதான் கேட்பார்கள். பொழுது சாயச் சாயப் பெயர்கள் பெரிதாகும். எல்லாரும் முடித்தபிறகு, நன்றாக இருட்டி, விளக்குகள் அத்தனையும் எரியும்போது ஒரு குழு ஏறும். பந்தியில் பாயசம் மாதிரி. விளம்பரத் தட்டியில் முதல் வரியில் பெரிய எழுத்தில் இருப்பதும் அந்தப் பெயர்தான். ஹெட்லைனர். ஜனங்கள் காசு கொடுத்தது பெரும்பாலும் அந்த ஒரு பெயருக்காக. அது சொதப்பினால் மூன்று நாள் திருவிழாவும் சொதப்பல் என்றுதான் ஊர் பேசும்.

கிளாஸ்டன்பரி அப்படிப்பட்ட திருவிழாக்களுக்கெல்லாம் பெரியண்ணன். ஆனால் அது பிறந்த விதம் இருக்கிறதே... அது வேறு கதை.

இங்கிலாந்தின் சோமர்செட் மாவட்டத்தில் பில்டன் என்று ஒரு கிராமம். அங்கே மைக்கேல் ஈவிஸ் என்ற பால் பண்ணைக்காரர். 1970-ல் பக்கத்து ஊரில் நடந்த ஒரு திருவிழாவில் லெட் ஸெப்பலின் குழு வாசிப்பதைப் பார்த்தார். சொக்கிப்போனார். நம் பண்ணையிலும் இப்படி ஒன்று நடத்தினால் என்ன? பாட்டுக்குப் பாட்டும் ஆச்சு, பண்ணைக் கடனுக்கும் ஒரு வழி ஆச்சு என்று கணக்குப் போட்டார்.

1970 செப்டம்பர் 19. நுழைவுக் கட்டணம் 1 பவுண்டு. பண்ணைப் பால் இலவசம். ஆமாம், பசும்பால்! வந்தவர்கள் சுமார் 1,500 பேர்.

முதல் திருவிழாவின் உச்ச மேடைக்குப் பேசி வைத்திருந்தது 'கிங்க்ஸ்' என்ற புகழ்பெற்ற குழுவை. கடைசி நேரத்தில் அவர்கள் வரவில்லை. அவசரத்துக்குக் கிடைத்தவர் மார்க் போலன் என்ற இளைஞர். அவருடைய 'டைரனோசாரஸ் ரெக்ஸ்' குழுவுக்கு அப்போது ஒரு சின்ன ரசிகர் வட்டம் மட்டும்தான். ஈவிஸ் அவருக்குக் கொடுக்கவேண்டிய 500 பவுண்டைக்கூட மொத்தமாகக் கொடுக்க முடியாமல், பால் விற்ற காசிலிருந்து மாதாமாதம் தவணையாகக் கட்டினார். போலன் பெயரை 'டி. ரெக்ஸ்' என்று சுருக்கிக்கொண்டார். அடுத்த மார்ச்சில் அவருடைய பாட்டு பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் நம்பர் ஒன்.

இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கிளாஸ்டன்பரியின் முதல் ஹெட்லைனரே மாற்று ஆள்தான்.

பிறகு திருவிழா வளர்ந்தது. நடுநடுவே சில வருடம் நின்றது, மறுபடி எழுந்தது. 1981-ல் பிரமிடு வடிவத்தில் நிரந்தரமாக ஒரு மேடை கட்டினார் ஈவிஸ். கோடையில் அது ராக் மேடை. குளிர்காலத்தில் மாட்டுக் கொட்டகை. பால்காரர் புத்தி, ஒன்றையும் வீணாக்காது! 1994-ல் திருவிழாவுக்குச் சில நாள் முன்னால் அந்த மேடை எரிந்துபோனது. மாற்று மேடை போட்டு அதையும் சமாளித்தார். ஆக, கடைசி நேரத்தில் கை உடைவதும் மேடை எரிவதும் அந்த மனிதருக்குப் புதிது இல்லை.

சரி, 'இண்டி' என்றால் என்ன?

நிறையப் பேர் அது ஒரு இசை வகை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். தேடிப் போனால், அந்த வார்த்தையின் அர்த்தம் சங்கீதப் புத்தகத்தில் இல்லை, கணக்குப் புத்தகத்தில் இருந்தது. பி.காம். படித்ததற்கு அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சந்தோஷப்பட்டேன்.

'இண்டிபென்டென்ட்' என்பதன் சுருக்கம் இண்டி. யாரிடமிருந்து சுதந்திரம்? பெரிய இசைத்தட்டு கம்பெனிகளிடமிருந்து. 1977 ஜனவரியில் 'பஸ்காக்ஸ்' என்ற குழு தெரிந்தவர்களிடம் 500 பவுண்டு கடன் வாங்கி, தானே ஓர் இசைத்தட்டு வெளியிட்டது. முதலில் அச்சடித்தது 1,000 பிரதிகள். விற்றுத் தீர்ந்தது, திரும்பத் திரும்ப அச்சடித்தார்கள். நாடு முழுக்க இளைஞர்களுக்கு ஒரு விஷயம் உறைத்தது. அட, கம்பெனி வாசலில் காத்துக் கிடக்க வேண்டியதில்லை போலிருக்கே!

ஆனால் தட்டு போட்டால் போதுமா? கடைக்குப் போகணுமே. மேற்கு லண்டனில் 1976-ல் ஜெஃப் டிராவிஸ் என்பவர் தொடங்கிய 'ரஃப் டிரேட்' என்ற கடை, அந்த வேலையைக் கையில் எடுத்தது. முதலில் விற்பனை, அப்புறம் விநியோகம், பிறகு சொந்தமாக வெளியீடு. மான்செஸ்டரில் 'ஃபாக்டரி', இன்னும் ஊருக்கு ஒன்றாகச் சின்ன கம்பெனிகள் முளைத்தன. 1980 ஜனவரியில் இவற்றுக்கென்றே தனி விற்பனைப் பட்டியல் வந்தது. அதில் இடம்பிடிக்க ஒரே தகுதி, தட்டு பெரிய கம்பெனிகளின் விநியோக வழியில் வந்திருக்கக்கூடாது. பாட்டு எப்படி இருந்தாலும் பரவாயில்லை. அதனால் ஒரு வேடிக்கை நடந்தது. எண்பதுகளின் கடைசியில் பளபள பாப் பாடகி கைலி மினோக் இண்டி பட்டியலில் முதலிடத்துக்கு வந்தார். அவருடைய தட்டுகளை வெளியிட்டது ஒரு சுயேச்சைக் கம்பெனி, அவ்வளவுதான் காரணம்.

அப்படியானால் இண்டி குழுக்கள் கிளாஸ்டன்பரி உச்ச மேடை ஏறியதே இல்லையா? ஏறியிருக்கின்றன. 1987-ல் 'நியூ ஆர்டர்', 1990-ல் 'ஹாப்பி மண்டேஸ்', இரண்டுமே ஃபாக்டரி கம்பெனிக் குழுக்கள். ஆனால் இரண்டும் அந்தந்தச் சமயத்தில் நன்றாகப் பெயர் வாங்கி, ஜெயித்துவிட்டு வந்தவை.

அதற்கப்புறம் வந்தது சோதனைக் காலம். 1991-ல் ரஃப் டிரேட் விநியோக நிறுவனம் கவிழ்ந்தது. 1992-ல் ஃபாக்டரி திவாலானது. 'கிரியேஷன்' என்ற இன்னொரு முக்கியமான கம்பெனி அதே வருடம் தன் பங்குகளில் 49 சதவீதத்தை சோனிக்கு விற்றுப் பிழைத்தது. அந்தக் கிரியேஷன் கண்டுபிடித்த குழுதான் ஒயாஸிஸ். 1995 கிளாஸ்டன்பரியில் வெள்ளிக்கிழமை ஹெட்லைனர் அவர்கள்தான்.

விசித்திரம் புரிகிறதா? இண்டி என்ற வியாபாரம் படுத்துக்கொண்டிருந்தபோது, இண்டி என்ற சத்தம் எழுந்து நிற்க ஆரம்பித்தது. கடைக்காரர் நொடித்துப்போனார், சரக்குக்கு மவுசு வந்தது.

இந்த இடத்தில் பல்ப் வருகிறது.

1978. ஷெஃபீல்ட். எஃகுத் தொழிற்சாலைகளுக்குப் பேர்போன நகரம். ஜார்விஸ் காக்கர் என்ற ஒல்லிப் பையன், பதினைந்து வயது, பள்ளியில் குழு ஆரம்பிக்கிறான். பெயர் 'அரபிகஸ் பல்ப்'. எங்கே பிடித்தான் இந்தப் பெயரை? பொருளாதார வகுப்பில்! சந்தையில் விலைபோகும் சரக்குகளின் பட்டியலில் இருந்த ஒரு பெயர் அது. சீக்கிரமே முன்பாதியை வெட்டிவிட்டு வெறும் 'பல்ப்' ஆக்கிவிட்டார்கள்.

1981-ல் பி.பி.சி. வானொலியின் ஜான் பீல் நிகழ்ச்சியில் வாசிக்க வாய்ப்பு வந்தது. ஜான் பீல் கை வைத்தால் துலங்கும் என்று பேர். காக்கருக்கு அப்போது பதினெட்டு வயது. "ஆச்சு, இனிமேல் ராஜபாட்டைதான்" என்று நினைத்திருப்பார். ம்ஹூம். ஒன்றும் நடக்கவில்லை. உடன் வாசித்த பையன்கள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள்.

1983-ல் முதல் ஆல்பம். சின்ன கம்பெனி. யாரும் கவனிக்கவில்லை.

1985-ல் ஒரு பெண்ணிடம் சாகசம் காட்டுவதற்காக ஸ்பைடர்மேன் மாதிரி ஜன்னலுக்கு வெளியே தொங்கினார் காக்கர். கை வழுக்கிக் கீழே விழுந்தார். எலும்புகள் முறிந்து ஆஸ்பத்திரி வாசம். கொஞ்ச காலம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே மேடையில் பாடினார். (ஒருவர் விழுந்ததால் இன்னொருவருக்கு வந்த வாய்ப்பு என்று இந்தக் கதையைச் சொல்வார்கள். வாய்ப்பு கிடைத்தவர் பத்து வருடம் முன்னாலேயே விழுந்து எழுந்தவர் என்பதைச் சொல்ல மறந்துவிடுவார்கள்.)

1987-ல் இரண்டாவது ஆல்பம். அதுவும் போச்சு. 1988-ல் காக்கர் லண்டனுக்குப் போய் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் சினிமா படிக்கச் சேர்ந்தார். மூன்றாவது ஆல்பத்தை 1989-ல் பதிவு செய்தார்கள். அது கடைக்கு வந்தது 1992-ல். மூன்று வருடம் டப்பாவில் கிடந்தது!

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? பி.எஃப்., கிராஜுவிட்டி இருக்கிற ஒரு வேலையாகப் பார்த்து உட்கார்ந்திருப்பீர்கள். நான் நிச்சயமாக உட்கார்ந்திருப்பேன்.

ஆனால் கல்லூரி வீண் போகவில்லை. அங்கே ஒரு கிரேக்கப் பணக்காரப் பெண்ணுடன் அறிமுகம். சாதாரண ஜனங்களைப்போல வாழ்ந்து பார்க்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஏழ்மையைச் சுற்றுலா மாதிரி பார்த்துவிட்டு, போரடித்தால் அப்பாவுக்கு போன் போட்டுவிட்டுக் கிளம்பிவிடலாம் என்கிற வசதி உள்ளவர்களைப் பற்றி காக்கருக்குள் ஒரு கோபம் கனன்றது. அதுதான் பிற்பாடு 'காமன் பீப்பிள்' என்ற பாட்டானது.

இதற்குள் 'ஐலண்ட்' என்ற கம்பெனி பல்ப்பைச் சேர்த்துக்கொண்டது. பெயர்தான் தீவு. அதை வாங்கி வைத்திருந்ததோ பாலிகிராம் என்ற கண்டம். 1994-ல் வந்த ஆல்பம் முதன்முறையாகப் பத்து இடங்களுக்குள் வந்தது. 1995 மே மாதக் கடைசியில் 'காமன் பீப்பிள்' வெளியாகி விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் பிடித்தது. பதினேழு வருடத்தில் முதல் பெரிய வெற்றி. அது வந்து சில வாரம்தான் ஆகிறது. அங்கே மலைப்பாதையில் சைக்கிள் சறுக்குகிறது.

போன் வருகிறது. சனிக்கிழமை ராத்திரி, உச்ச மேடை, வருவீர்களா?

பி.காம். புத்தியோடு இதைக் கொஞ்சம் பார்ப்போம். இந்த ஏற்பாட்டில் யாருக்கு என்ன ரிஸ்க்?

திருவிழாவுக்குப் பண ரிஸ்க் பெரிதாக இல்லை. அந்த வருடம் டிக்கெட் விலை 65 பவுண்டு. டிக்கெட் வாங்கியவர்கள் 80,000 பேர். அத்தனையும் முன்பே விற்றுத் தீர்ந்தவை. போதாக்குறைக்கு வேலியைச் சாய்த்துவிட்டு ஓசியில் வந்த கூட்டம் வேறு. பல்ப் சொதப்பினால் பெயர்தான் கெடும். அன்றைய கல்லாவுக்கு ஒன்றும் ஆகாது. ஈவிஸால் துணிய முடிந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கூட்டத்துக்கு? ஏமாற்றம் என்ற ரிஸ்க். அவர்கள் காசு கொடுத்தது ஸ்டோன் ரோஸஸுக்கு. 1989-ல் ஒரே ஒரு ஆல்பத்தால் ஒரு தலைமுறையையே கட்டிப்போட்ட குழு அது. அடுத்த ஆல்பத்துக்காக ஐந்தரை வருடம் காக்க வைத்திருந்தது. அந்த இடத்தில் ஒற்றை ஹிட் குழு வந்து நின்றால் எப்படி இருக்கும்?

ஆக, மிச்ச ரிஸ்க் முழுக்கப் பல்ப்பின் தலையில். தோற்றால் பதினேழு வருட உழைப்பு ஒரே ராத்திரியில் கேலிப்பொருள் ஆகும். அதுவும் சும்மா இல்லை. சேனல் 4 டி.வி. அந்தத் திருவிழாவை நாடு முழுக்கக் காட்டிக்கொண்டிருந்தது.

ஒப்புக்கொண்டார்கள். கடைசி நேரம் என்பதால் சுற்றுவட்டாரத்தில் ஓட்டல் ரூம் கிடைக்கவில்லை. உச்ச மேடை நாயகர்கள், மற்ற ஜனங்களைப்போலவே கூடாரம் அடித்துத் தங்கினார்கள்.

1995 ஜூன் 24, இரவு. ஒல்லியான, நெடுநெடுவென்ற காக்கர் மேடைக்கு வந்தார். தெரிந்த பாட்டை மட்டும் வைத்து ஒப்பேற்றலாம் என்று நினைக்கவில்லை. அதுவரை வெளியே வராத புதுப் பாடல்களையும் துணிந்து பாடினார்கள். பாட்டுக்குப் பாட்டு நடுவே காக்கர், பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல அத்தனை ஆயிரம் பேரிடமும் பேசினார். கூட்டம் மெதுவாக அவர் பக்கம் சாய்ந்தது.

கடைசிப் பாட்டுக்கு முன்னால் காக்கர் சொன்னதன் சாரம் இது. ஒன்றை மனசார விரும்பினால் அது நடந்தே தீரும். என்னைப்போல ஒரு நெட்டைக்கொக்கால் இங்கே வந்து நிற்க முடிகிறது என்றால் உங்களாலும் முடியும்.

அப்புறம் 'காமன் பீப்பிள்'. பாட வேண்டிய வேலையைக் கூட்டமே எடுத்துக்கொண்டது. ஏமாற்றத்தோடு வந்தவர்கள் யாரும் அன்றைக்கு ஏமாற்றத்தோடு திரும்பவில்லை. கிளாஸ்டன்பரி வரலாற்றின் மிகச் சிறந்த இரவுகள் என்று யார் பட்டியல் போட்டாலும் அந்தச் சனிக்கிழமை இருக்கும். அக்டோபர் கடைசியில் பல்ப்பின் அடுத்த ஆல்பம் வந்தது. நேராக முதலிடம். 1996-ல் மெர்க்குரி விருதும் அதற்குத்தான்.

சுபம் போட்டுவிடலாமா? இருங்கள். காக்கர் சொன்னது முழுக்கச் சரியா? விரும்பினால் நடந்துவிடுமா?

அதே ஷெஃபீல்டில், அதே மான்செஸ்டரில், பதினேழு வருடம் அதே அளவு விரும்பிய குழுக்கள் எத்தனை இருந்திருக்கும்! அவர்களுக்காக எந்தச் சைக்கிளும் சறுக்கவில்லை. அவர்கள் பெயர் உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஜெயித்தவர் சொல்லும் பாடத்தில் எப்போதும் இந்த ஓட்டை உண்டு. தோற்றவர்களுக்கு மைக் கிடைப்பதில்லை.

என்றால் வெறும் அதிர்ஷ்டமா? அதுவும் இல்லை. ஸ்டோன் ரோஸஸ் கதையின் மிச்சத்தைக் கேளுங்கள். பாவம், நல்ல மனிதர்கள். அந்த செப்டம்பரிலேயே அதே பில்டன் கிராமத்து விழாவில் வந்து வாசித்து ஈவிஸுக்குப் பட்ட கடனைத் தீர்த்தார்கள். 1996-ல் ஸ்க்வயர் குழுவை விட்டு விலகினார். மிச்சம் இருந்தவர்கள் அந்த ஆகஸ்டில் ரீடிங் திருவிழாவின் உச்ச மேடை ஏறினார்கள். இந்த முறை யாருக்கும் மாற்றாக அல்ல, சொந்தப் பெயரில், பெரிய எழுத்தில். பாட்டு சுருதி விலகிப்போனது. கூட்டம் நொந்துபோனது. அக்டோபரில் குழுவே கலைந்துவிட்டது.

முழுத் தகுதியோடு கூப்பிடப்பட்டவர்கள் தோற்றார்கள். ஒப்புக்குச் சப்பாணியாகக் கூப்பிடப்பட்டவர்கள் ஜெயித்தார்கள். ஏன்? ஒருவரிடம் பழைய பெயர் இருந்தது, இன்னொருவரிடம் ஒத்திகை இருந்தது. மேடை பெயரைப் பார்ப்பதில்லை. பெயரைப் பார்ப்பது டிக்கெட் விற்பவர்கள்தான்.

முடிச்சே அங்கேதான் இருக்கிறது. பெரும்பாலான திருவிழாக்கள் முதலில் பெயரைச் சொல்லி, அப்புறம் டிக்கெட் விற்கின்றன. பெயர் பெரிதாக இருந்தால்தான் கல்லா நிரம்பும். அங்கே சின்னக் குழுவுக்கு உச்ச மேடை கொடுப்பது என்பது கடையைப் பணயம் வைப்பது மாதிரி. கிளாஸ்டன்பரியில் தலைகீழ். ஹெட்லைனர்கள் யார் என்று முழுசாகத் தெரிவதற்கு முன்பே, முந்தைய வருடக் கடைசியிலேயே டிக்கெட்டுகள் விற்றுத் தீர்வது அங்கே வழக்கமாகிவிட்டது. ஜனங்கள் வாங்குவது திருவிழாவை. நட்சத்திரங்களுக்கும் அங்கே சம்பளம் மற்ற இடங்களைவிட ரொம்பக் குறைவு. அதனால் அங்கே ஒரு புது ஆளை நம்பிப் பார்க்க இடம் இருக்கிறது. ரிஸ்க்கைத் தாங்க ஒரு தோள் இருக்கிறது.

ஆசை, ஒத்திகை, அதிர்ஷ்டம் மூன்றும் இருந்தாலும் நாலாவதாக அந்தத் தோள் வேண்டும். அது இல்லாத ஊரில் ஆயிரம் சைக்கிள் சறுக்கினாலும் இன்னொரு பெரிய நட்சத்திரத்துக்குத்தான் போன் போகும்.

பல்ப் திறந்துவிட்ட கதவு வழியே அடுத்து யார் வந்தார்கள் தெரியுமா? அதே ஷெஃபீல்டிலிருந்து நாலு பையன்கள். 'ஆர்க்டிக் மங்கீஸ்'. 2002-ல் ஆரம்பித்து, கச்சேரிக்கு வருபவர்களுக்கு இலவசமாக சி.டி. கொடுத்தே ரசிகர்களைச் சேர்த்தவர்கள். பெரிய கம்பெனிகளை விட்டுவிட்டு 'டாமினோ' என்ற சுயேச்சைக் கம்பெனியில் சேர்ந்தார்கள். 2006 ஜனவரியில் முதல் ஆல்பம். முதல் வாரத்தில் மட்டும் 3,63,735 பிரதிகள்! அறிமுக ஆல்பம் ஒன்று பிரிட்டனில் அதுவரை அவ்வளவு வேகமாக விற்றதில்லை. 2007 ஜூன் 22, வெள்ளிக்கிழமை, கிளாஸ்டன்பரி உச்ச மேடையில் அவர்கள். பாடகர் அலெக்ஸ் டர்னருக்கு வயது 21. கணக்குப் புத்தகப்படி பார்த்தாலும், சத்தத்தை வைத்துப் பார்த்தாலும், அசல் இண்டி. பல்ப்புக்குப் பதினேழு வருடம் பிடித்த தூரம், இவர்களுக்கு ஐந்து வருடம்.

கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதல்லவா? முடியும்!

அடுத்த வருடமே வேறு ஒரு கூத்து. 2008-ல் உச்ச மேடைக்கு ஜே-ஸீ என்ற அமெரிக்க ராப் பாடகரை அறிவித்தார்கள். அந்த வருடம் டிக்கெட் விற்பனை வழக்கத்தைவிட மந்தம். அதற்கு முந்தைய திருவிழாக்களின் சேறும் சகதியும்கூடக் காரணம் என்றார்கள். ஒயாஸிஸின் நோயல் கல்லகருக்கோ கோபம். கிளாஸ்டன்பரி என்றால் கிடார்தான், ராப்புக்கு அங்கே என்ன வேலை என்கிற அர்த்தத்தில் பேசினார்.

யார் பேசியது பாருங்கள். நேற்றுவரை "இவங்களுக்கெல்லாம் பெரிய மேடையா?" என்று கேட்கப்பட்ட கூட்டத்திலிருந்து வந்தவர். உள்ளே வந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாகக் கதவைச் சாத்தப் பார்த்தார். மருமகளாக இருந்தபோது பட்டது மாமியார் ஆனதும் மறந்துபோகும் என்று நம் வீட்டுப் பாட்டிகள் சும்மாவா சொன்னார்கள்?

ஜே-ஸீ சண்டைக்குப் போகவில்லை. கழுத்தில் ஒரு கிடாரை மாட்டிக்கொண்டு மேடைக்கு வந்தார். ஒயாஸிஸின் மிகப் பிரபலமான பாட்டையே வேண்டுமென்றே அரைகுறையாகப் பாடிவிட்டு, பிறகு தன் வேலையைத் தொடங்கினார். கூட்டம் ஆர்ப்பரித்தது. கிளாஸ்டன்பரியின் தோள் இன்னொரு முறை தாங்கியது.

கடைசியாக ஒரு காட்சி. 2025 ஜூன் 28, மறுபடி ஒரு சனிக்கிழமை. கிளாஸ்டன்பரி நிகழ்ச்சி நிரலில், பிரமிடு மேடையில், 'பேட்ச்வொர்க்' என்று யாரும் கேள்விப்படாத ஒரு பெயர். வந்து நின்றது பல்ப்! முப்பது வருடம் கழித்து, இந்த முறை ரகசியமாக. காக்கருக்கு 61 வயது. அன்றைக்கு அந்த இரவில் உடன் வாசித்த ஸ்டீவ் மேக்கி இப்போது இல்லை, 2023-ல் காலமாகிவிட்டார். உச்ச நேரம் இல்லை, இன்னும் இருட்டவில்லை. 'காமன் பீப்பிள்' வந்தபோது, 1995-ல் பிறந்தே இருக்காதவர்களும் சேர்ந்து பாடினார்கள்.

அந்த மாதம்தான் அவர்களுடைய புது ஆல்பமும் வெளியாகி, பிரிட்டனில் முதலிடத்துக்கு வந்திருந்தது. கணக்குப் புத்தகத்தைப் புரட்டி, வெளியிட்ட கம்பெனி எது என்று பார்த்தேன்.

ரஃப் டிரேட். 1976-ல் தொடங்கி, 1991-ல் கவிழ்ந்து, மறுபடி எழுந்த அதே பழைய பெயர். சுயேச்சைக் கம்பெனி.

எல்லாரும் இண்டி என்று கூப்பிட்ட 1995-ல் பல்ப், கணக்குப்படி ஒரு பெரிய கம்பெனியின் சரக்கு. முப்பது வருடம் கழித்து, தலை நரைத்தபிறகு, கணக்குப்படியும் இண்டியாக நிற்கிறார்கள்.

பதினேழு வருஷம் ஒத்திகை பார்த்தவர்களுக்கு இன்னொரு முப்பது வருஷம் ஒரு பொருட்டா என்ன?